சசனாமி (1899): இருமுறை வடம் கட்டி இழுத்த ஜப்பானிய நாசகாரி – பணி வரலாறு, பிழை திருத்தம்

#1 – கடற்குறிப்பு

தமிழில் ரஷ்ய-ஜப்பானியப் போர் (1904–05) என்றால் சுஷிமாக் கடற்போரும் மிக்காசா கொடிக்கப்பலும் ஜப்பானிய அட்மிரல் டோகோவும்தான் வருகிறார்கள். சின்னக் கப்பல்களை யாரும் தொடுவதில்லை. அதனால் சசனாமியின் பணி வரலாற்றைத் தொகுக்கலாம் என்று இருக்கிறேன். பெயருக்குச் சிற்றலை என்று பொருள். வரைவு கீழே இருக்கிறது. தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

– இகசுச்சி வகுப்பு, 6 கப்பல்களில் ஒன்று. லண்டன் பாப்லரில் யாரோ (Yarrow) நிறுவனம் கட்டியது. நீரில் இறக்கியது 1899 ஜூலை 8, முடித்துக் கொடுத்தது அதே ஆண்டு ஆகஸ்ட்.
– 305 டன், முழுப் பாரத்தில் 410 டன். நீளம் 67 மீ., அகலம் 6.2 மீ. 4 கொதிகலன், 6,000 குதிரைத்திறன், 31 நாட் (மணிக்கு 31 கடல் மைல்).
– 80 மி.மீ. பீரங்கி, 57 மி.மீ. பீரங்கிகள், 45 செ.மீ. டார்பிடோக் குழாய் 2.
– 1904 ஜனவரி 26 இரவு போர்ட் ஆர்தர் (சீனாவில் ரஷ்யர் கையில் இருந்த கடற்படைத் துறைமுகம்) தாக்குதல்.
– 1904 மார்ச் 10, ரஷ்ய நாசகாரி ஸ்தெரெகூஷியை மூழ்கடித்தது.
– 1905 மே 28, ரஷ்ய நாசகாரி பெதோவியைப் பிடித்து அதில் இருந்த ரஷ்யக் கடற்படைத் தலைவர் அட்மிரல் ரொஷெஸ்த்வென்ஸ்கியைச் சிறைப்படுத்தியது.
– 1944 ஜனவரியில் அமெரிக்க நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது.

படம் ஒன்றும் கிடைத்தது, இரண்டு புகைபோக்கி உள்ளது. அது சசனாமிதானா?

#2 – மீகாமன்

கடைசி வரியை முதலில் வெட்டுங்கள் தம்பி. 1944-ல் மூழ்கியது அதே பெயர் வைத்த வேறு கப்பல்: ஃபுபுகி வகை, 1931-ல் நீரில் இறங்கியது, யாப் தீவுக்குத் தென்கிழக்கே அல்பகோர் என்ற நீர்மூழ்கியிடம் போனது. 1941 டிசம்பரில் மிட்வே தீவைச் சுட்டதும் அதுதான். மூன்றாவது சசனாமி இன்றும் ஓடுகிறது, எண் 113. 2008 ஜூனில் சீனாவின் ஜான்ஜியாங் துறைமுகத்துக்குப் போனது. போருக்குப் பிறகு சீனத் துறைமுகம் ஒன்றுக்குள் நுழைந்த முதல் ஜப்பானியப் போர்க்கப்பல் அது. மூன்றின் குறிப்புகளும் வலைத்தளங்களில் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கின்றன. ஜப்பானியக் கடற்படை பழைய பெயரை விடவே விடாது. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் 1899-ல் பிறந்த கப்பல் 1944-ல் செத்த மாதிரிதான் தெரியும்.

முதல் கப்பலின் காலம் ஏறக்குறைய 1912-ல் முடிந்துவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 28-ம் தேதி நாசகாரிகளை எடை வாரியாகப் பிரித்தார்கள்: 1,000 டன்னும் மேலும் முதல் வகுப்பு, 600 முதல் 1,000 வரை இரண்டாம் வகுப்பு, அதற்குக் கீழே மூன்றாம் வகுப்பு. 305 டன் சசனாமி கடைசிப் பிரிவில் விழுந்தது. அதன்பின் நெடுநாள் நிலைக்கவில்லை.

அடுத்தது தேதி. ஜனவரி 26 என்பது ரஷ்யப் பழைய நாட்காட்டி. 13 நாள் கூட்டினால் பிப்ரவரி 8. ஸ்தெரெகூஷி நாளும் பழைய கணக்கில் பிப்ரவரி 26. இரண்டுமே ‘26’ என்பதால் மாதத்தை மாற்றிப் போட்டு ரஷ்ய மொழிபெயர்ப்புகளிலேயே சறுக்கியிருக்கிறார்கள். ஒரே பட்டியலில் ஒரு வரி பழைய நாட்காட்டியிலும் அடுத்த வரி புதியதிலும் போனால் கதை கந்தல்.

#3 – ஆமைமுதுகு

படத்தில் இரண்டு புகைபோக்கி என்றால் சசனாமி இல்லை. யாரோ கட்டிய இகசுச்சி வகுப்புக்கு நான்கு. (யாரோ கட்டியது என்று எழுதினாலே யார் கட்டியது என்று கேள்வி வரும். தமிழில் இந்த நிறுவனத்துக்கு இந்தத் தலையெழுத்து.) இரண்டு புகைபோக்கி என்றால் தார்னிகிராஃப்ட் கட்டிய முரகுமோ வகுப்பாக இருக்கும்: முரகுமோ, ஷினோனோமே, யூகிரி, ஷிரனுய், ககேரோ, உசுகுமோ. அவற்றில் கொதிகலன் மூன்றுதான்.

இரண்டு வகுப்பும் ஒரே காலத்தவை, ஒரே அணிகளில் கலந்து ஓடியவை. அதனால்தான் படங்களில் குழப்பம். இரண்டுக்கும் அணியத்தில் (கப்பலின் முன்முனையில்) ஆமை ஓடு போல வளைந்த தளம் இருக்கிறது, அதை வைத்துப் பிரிக்க முடியாது. புகைபோக்கியை எண்ணுங்கள், போதும். நான்கு இருந்தாலும் சசனாமிதான் என்று சாதிக்காதீர்கள். இகசுச்சி, இனசுமா, அகெபோனோ, நிஜி, ஓபோரோ எல்லாமே அதே முகம், அடுத்து வந்த அகட்சுகி வகுப்பும் அதே சாயல்.

பீரங்கி: 80 மி.மீ. என்று ஜப்பானியர் பதிந்தாலும் குழாய் வாய் 76.2 மி.மீ.தான், பிரிட்டிஷ் 12 பவுண்டர் (12 பவுண்டு குண்டு சுடுவது). ‘8 செ.மீ.’ என்று முழு எண்ணாக்கிப் பெயர் வைத்தார்கள். வரலாற்றில் 76 என்றும், ஜப்பானியப் பெயரைச் சொல்லும்போது 8 செ.மீ. என்றும் எழுதுங்கள். மாதிரிக் கப்பல் செய்கிறவர்கள் 80 என்று நம்பிக் குழாயைத் தடிக்கச் செய்துவிடுகிறார்கள்.

#4 – கரிக்கொட்டு

31 நாட் என்று போட்டுவிட்டுப் போகாதீர்கள். அது சோதனை ஓட்ட வேகம். பாதிச் சுமை, பொறுக்கி எடுத்த வேல்ஸ் நிலக்கரி, கட்டும் நிறுவனத்தின் கைதேர்ந்த தீக்களத்து ஆட்கள், கொதிகலன் அறையைக் காற்றுப்புகாமல் மூடி விசிறியால் அழுத்தம் கொடுத்த நெருப்பு: இத்தனையும் சேர்ந்தால்தான் அந்த எண் வரும். பிரிட்டிஷ் ‘30 நாட்’ கப்பல்களுக்கும் இதே நிலைதான். போர்ச் சுமையோடு, அடிப்பகுதியில் பாசி பிடித்து, மாதக்கணக்கில் குளிர்கடலில் ஓடிய பிறகு அந்த எண் திரும்பக் கிடைக்காது.

305-க்கும் 410-க்கும் இடையே 105 டன். அதில் பெரும்பகுதி நிலக்கரி. மூன்றில் ஒரு பங்கு எடையை எரித்துக்கொண்டே ஓடும் கப்பல், அதனால் மிதக்கும் ஆழமும் உருளும் விதமும் நாளுக்கு நாள் மாறும். 305 டன்னுக்கு 6,000 குதிரைத்திறன் என்றால் டன்னுக்குச் சுமார் 20. மிக்காசாவில் அதே கணக்கு டன்னுக்கு ஏறத்தாழ 1. இந்த எந்திரத்தை மெல்லிய தகட்டு உடம்புக்குள் அடைத்தால் எது முதலில் கெடும்? தாங்கிகள் சூடேறும், அவற்றின் உட்பக்கத்து வெள்ளை உலோகம் உருகும், குளிர்விப்பான் கசிந்து உப்புநீர் கொதிகலனுக்குள் போகும். யாரோ கொதிகலனில் மேலே ஒரு நீராவிப் பீப்பாய், கீழே இரண்டு நீர்ப் பீப்பாய், நடுவில் நேர்க்குழாய்கள். நேராக இருப்பதால் தூரிகை விட்டு உப்பைச் சுரண்டலாம். தார்னிகிராஃப்ட் குழாய் வளைந்தது, உள்ளே எது படிந்தது என்று கண்ணால் பார்க்க முடியாது. கப்பல் நாட்குறிப்பில் வராத சமாச்சாரம் இது. அந்த அணி எத்தனை நாள் ஓடியது, எத்தனை நாள் துறையில் கிடந்தது என்பதை முடிவு செய்தது இதுதான்.

இன்னொன்று. உள்நாட்டு நிலக்கரி எரித்தால் கரும்புகை, புகைபோக்கி வாயில் தீப்பொறி. இரவுத் தாக்குதலில் அது விளக்குப் போட்ட மாதிரி. நல்ல வேல்ஸ் கரியை ஜப்பான் கடல்கடந்து வாங்கிப் போருக்கென்று சேர்த்து வைத்தது அதனால்தான்.

#5 – கடற்குறிப்பு

நன்றி. படத்தை எடுத்துவிட்டேன், தேதியைத் திருத்திவிட்டேன். போர்ட் ஆர்தர் இரவில் சசனாமி எதைச் சுட்டது என்று எங்கும் தெளிவாக இல்லை. சில இடத்தில் 8-ம் தேதி, சில இடத்தில் 9.

#6 – மீகாமன்

8-ம் 9-ம் இரண்டுமே சரி. ஜப்பானிய அறிக்கை ஜப்பான் நேரத்தில் எழுதப்பட்டது, கிழக்கு 135 பாகை. போர்ட் ஆர்தர் 121 சொச்சம். வித்தியாசம் சுமார் 55 நிமிடம். ஜப்பானியர் 9-ம் தேதி நள்ளிரவு கடந்து 12.28 என்று எழுதிய நிமிடம், ரஷ்யர் கடிகாரத்தில் 8-ம் தேதி இரவு 11.33. இதைத் தெரியாமல் ‘இரு தரப்பும் முரண்படுகிறது’ என்று பத்தி பத்தியாக எழுதியவர்கள் உண்டு.

அன்றிரவு உள்ளே போனவை 10 நாசகாரிகள். முதல் அணி: ஷிரகுமோ, அசஷியோ, கசுமி, அகட்சுகி. இரண்டாம் அணி: இகசுச்சி, ஓபோரோ, இனசுமா. மூன்றாம் அணி: உசுகுமோ, ஷினோனோமே, சசனாமி. வழியில் ரஷ்யக் காவல் நாசகாரிகளின் விளக்கைக் கண்டு விலகும்போது இகசுச்சியும் ஓபோரோவும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன, வரிசை அறுந்தது. முன்னால் வரும் கப்பலின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு ஓடுகிற முறையில் ஒருவர் தடுமாறினால் பின்னால் வருகிறவர் எல்லாரும் தொலைந்தார்கள். அதன்பின் கூட்டமாகப் போகாமல் ஒவ்வொன்றாக, தேடுவிளக்கு வெளிச்சத்துக்குள் போனார்கள்.

16 டார்பிடோ, பட்டது 3, மூன்று ரஷ்யப் போர்க்கப்பல்கள் மேல்: ரெத்விசான், சிசாரெவிச், பல்லாடா. முதலில் போனவர்களுக்கு அமைதியான இலக்கு, பின்னால் போனவர்களுக்கு விழித்துக்கொண்ட துறைமுகம். எந்தக் கப்பலின் டார்பிடோ எதைத் தைத்தது என்று கப்பல் வாரியாகப் பிரித்து எழுதாதீர்கள். ‘சசனாமி தாக்குதலில் பங்கேற்றது’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

#7 – வலம்புரி

மார்ச் 10 வரி பாதி உண்மை. ‘மூழ்கடித்தது’ என்ற சொல்லே அங்கே பொருந்தாது. சசனாமி அதைக் காப்பாற்றத்தான் பாடுபட்டது.

அன்று காலை போர்ட் ஆர்தருக்கு வெளியே இரண்டு தனித்தனிச் சண்டை. ஒன்றில் ஜப்பானிய முதல் அணி ரஷ்ய நாசகாரிகளோடு இருட்டில் நெருக்கமாக மோதியது, யாரும் மூழ்கவில்லை. இரண்டாவதில் மூன்றாம் அணி, இப்போது உசுகுமோ, ஷினோனோமே, சசனாமி, அகெபோனோ என்று நான்கு, இரவு உளவு முடித்துத் திரும்பிய ரஷ்ய நாசகாரிகள் ரெஷீதெல்னியையும் ஸ்தெரெகூஷியையும் வழிமறித்தது. ரெஷீதெல்னி தப்பிக் கரைப் பீரங்கிகளின் நிழலுக்குள் ஓடிவிட்டது. ஸ்தெரெகூஷி கொதிகலன் பக்கம் அடிபட்டு நின்றது.

நின்ற பிறகு நடந்ததற்குப் பெயர் சண்டை இல்லை, கணக்கு. ஸ்தெரெகூஷி 240 டன். ஒரு 75 மி.மீ., மூன்று 47 மி.மீ. பீரங்கி. 47 மி.மீ. குண்டு ஒன்றரைக் கிலோ. ஜப்பானியரின் 57 மி.மீ. குண்டு 2.7 கிலோ, 12 பவுண்டர் குண்டு ஐந்தரைக் கிலோவுக்கு மேல். போதாததற்கு ரஷ்ய 75 மி.மீ. குண்டு வெடிமருந்து இல்லாத திட எஃகு. தகட்டைத் துளைத்து மறுபக்கம் வெளியே போகும், உள்ளே வெடிக்காது. கவசத்துக்கென்று செய்த குண்டை மெல்லிய தகட்டுக் கப்பல் மேல் சுட்டால் ஓட்டைதான் மிஞ்சும். இதனால்தான் ஜப்பானிய நாசகாரிகள் ஓட்டைகளோடு ஓடின, ஸ்தெரெகூஷி நின்றது.

ஸ்தெரெகூஷியின் தளபதி செர்கேயெவ் இறந்தார். தப்பிப் பிழைத்தவர் மொத்தம் 4 பேர். சுடுவது நின்றதும் சசனாமி படகு இறக்கி ஆட்களை ஏற்றியது, ஜப்பானியக் கொடி கட்டியது, வடம் போட்டு இழுத்தது. வடம் அறுந்தது. துறைமுகத்திலிருந்து பயான், நோவிக் என்ற இரண்டு ரஷ்யக் குரூசர்களும் (நாசகாரியைவிடப் பெரிய போர்க்கப்பல்கள்) வந்தன. ரஷ்ய அட்மிரல் மக்காரோவ் நோவிக்கில் ஏறித் தானே வந்தார். ஜப்பானியர் விட்டுவிட்டு விலகினார்கள், ஸ்தெரெகூஷி மூழ்கியது.

#8 – பனைமரக்காடு

இரண்டு மாலுமிகள் உள்ளே பூட்டிக்கொண்டு கடல்நீர் வால்வைத் திறந்து கப்பலோடு மூழ்கினார்கள் என்று படித்திருக்கிறேன். பீட்டர்ஸ்பர்க்கில் சிலையே இருக்கிறதே அண்ணா. அதை ஏன் விட்டீர்கள்?

#9 – வலம்புரி

சிலை இருக்கிறது, இசென்பெர்க் செய்தது, 1911-ல் திறந்தார்கள். வெண்கலத்தில் இரண்டு பேர், ஒருவர் சாளரத்தைத் திறக்கிறார், தண்ணீர் பீறிட்டு உள்ளே வருகிறது. அழகான வேலை. ஆனால் கதை நிற்கவில்லை. ரஷ்யக் கடற்படையே விசாரித்துப் பார்த்துவிட்டு அந்த இரண்டு பெயர் தெரியாத மாலுமிகளின் செயலுக்கு ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தது.

கப்பலின் நிலையைப் பாருங்கள். கொதிகலன் அறை உடைந்தது, தளம் கிழிந்தது, நீர்மட்டத்தில் குண்டு ஓட்டைகள். அந்த உடம்பு மூழ்க வால்வு எதற்கு? சசனாமி வடத்தைப் பிடித்து இழுக்கத் தொடங்கியதும் அந்த ஓட்டைகள் வழியே தண்ணீர் இன்னும் வேகமாக ஏறியிருக்கும். வீரம் இல்லை என்று சொல்லவில்லை. ஐம்பது பேர் அளவில் இருந்த கப்பலில் 4 பேர் மிஞ்சும்வரை கொடியை இறக்கவில்லையே, அதற்கு மேல் வால்வுக் கதை எதற்கு?

#10 – வடக்கயிறு

இந்த இழையில் எல்லாரும் தாண்டிப் போகிற விஷயம் வடம். 1904 மார்ச்சில் அறுந்தது, 1905 மேயில் பெதோவியை இழுக்கும்போதும் அறுந்தது. ஒருமுறை கப்பல் போனது, மறுமுறை கரை சேர்ந்தது. ஏன் என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் சசனாமியின் வரலாறு முழுக்க அந்த இரண்டு வடங்களில்தான் இருக்கிறது.

நாசகாரி இழுவைக் கப்பல் இல்லை. பின்பக்கம் தாழ்வு, தகடு மெல்லிது. கட்டுத்தறி அந்தக் கப்பலையே துறையில் கட்டுவதற்குப் போட்டது, இன்னொரு கப்பலை இழுப்பதற்கு அல்ல. அதில் முழு இழுவையையும் போட்டால் தறி தளத்தோடு பிய்ந்து வரும். பல தறிகளுக்கும் பீரங்கி அடித்தளத்துக்கும் பகிர்ந்து கட்ட வேண்டும். வடம் தளத்து விளிம்பைத் தாண்டும் இடத்தில் சாக்கும் பழைய கயிறும் சுற்றி, அரை மணிக்கு ஒருமுறை சற்று நீட்டிவிட்டு உராயும் இடத்தை மாற்ற வேண்டும். கோடரியோடு ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், இழுபடும் கப்பல் திடீரென்று மூழ்கினால் இழுக்கும் கப்பலின் பின்பக்கத்தையும் கீழே வாங்கிவிடும்.

வடம் அறுவது எடையால் அல்ல, சுண்டுவதால். தொய்ந்து கிடக்கும் வடம் ஒரு நொடியில் விறைக்கும்போது வரும் இழுப்பு, நிதானமான இழுப்பைவிடப் பல மடங்கு. அதைத் தவிர்க்க மூன்று வழி. ஒன்று, இழுபடும் கப்பலின் நங்கூரச் சங்கிலியில் கொஞ்சம் வெளியே விட்டு அதன் நுனியில் வடத்தைப் பூட்டுவது. சங்கிலியின் கனம் நடுவே தொங்கி வில் மாதிரி வேலை செய்யும். இரண்டு, வடத்தின் நீளத்தை அலைக்கு ஏற்ப வைப்பது. இரண்டு கப்பலும் ஒரே நேரத்தில் மேடேற வேண்டும், ஒரே நேரத்தில் பள்ளத்தில் இறங்க வேண்டும். ஆழ்கடலில் 6 விநாடிக்கு ஓர் அலை வந்தால் அலைநீளம் சுமார் 56 மீட்டர், 7 விநாடி என்றால் 76. கப்பலே 67 மீட்டர் என்பதை மனத்தில் வையுங்கள். மூன்று, வேகம். இழுவை விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும்: 5 நாட்டிலிருந்து 7-க்குப் போனால் ஏறத்தாழ இரட்டிப்பு. அவசரப்பட்டால் அறுந்தது.

இப்போது மார்ச் 10-க்கு வாருங்கள். இழுபடும் கப்பலில் சங்கிலி விட ஆள் இல்லை, சுக்கான் பிடிக்க ஆள் இல்லை. சுக்கான் இல்லாத கப்பல் நேராக வராது. அணியம் இடமும் வலமும் அலைந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் வடத்தைச் சுண்டும். உள்ளே தண்ணீர் நிமிடத்துக்கு நிமிடம் கூடுகிறது, 240 டன் என்பது தொடக்க எண் மட்டுமே. பகையின் குரூசர்கள் கிளம்பிவிட்டன, மெல்ல இழுக்க நேரம் இல்லை. அறாமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

#11 – கரிக்கொட்டு

சரியான கணக்கு. ஆனால் வடத்தின் தரத்தையே நீங்கள் சொல்லவில்லையே? போர்க்கால நாசகாரியில் இழுவைக்கென்று தனி எஃகு வடம் எத்தனை பருமனில் இருக்கும்? எடை மிச்சம் பிடிக்கத் தகட்டையே மெலிய வைத்த கப்பல், கனத்த வடத்தை ஏற்றுமா? அறுந்ததில் பாதிப் பழி அதற்கு.

#12 – வடக்கயிறு

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 14 மாதம் கழித்து அதே கப்பல், அதே இருப்பு. அப்போதும் அறுந்தது. அறுந்தும் மீண்டும் கட்ட முடிந்தது. மறுமுனையில் ஆள் இருந்ததுதான் வித்தியாசம்.

#13 – மீகாமன்

மே 28-க்குப் போவதற்கு முன் ஒரு பொடிச் சங்கதி. மார்ச் 10-ல் சசனாமி அணியிடம் தப்பிய ரெஷீதெல்னி என்ன ஆனது தெரியுமா? ஆகஸ்டில் போர்ட் ஆர்தரை விட்டுச் சீனாவின் சீஃபூ துறைக்குள் போய் ஆயுதம் களைந்து நின்றது. அது நடுநிலைத் துறைமுகம். 12-ம் தேதி விடியும் முன் அசஷியோவும் கசுமியும் உள்ளே வந்து, கப்பலில் ஏறிக் கைகலந்து அதை இழுத்துப் போயின. ரஷ்யத் தளபதி, பேசவந்த ஜப்பானிய அதிகாரியை அடித்துக் கடலில் தள்ளித் தானும் விழுந்தார்.

பிடித்த கப்பலுக்கு ஜப்பான் வைத்த பெயர் அகட்சுகி. ஏன்? உண்மையான அகட்சுகி 1904 மே 17-ல் கண்ணிவெடியில் போயிருந்தது, அந்த இழப்பை வெளியில் சொல்லவில்லை. பட்டியலில் பெயர் இருந்தால் கப்பலும் இருக்கிறது என்றுதானே எதிரி நினைப்பான்! சுஷிமாவில் முதல் அணியில் ஓடிய ‘அகட்சுகி’ இந்தப் பழைய ரெஷீதெல்னிதான். மே 27 இரவில் அது தன் பக்கத்து 69-ம் எண் டார்பிடோப் படகை மோதி மூழ்கடித்தது. போர் முடிந்ததும் பெயர் யமபிகோ, அதாவது மலையில் கேட்கும் எதிரொலி. பெயர் வைப்பவருக்கு நகைச்சுவை இருந்திருக்க வேண்டும்.

ஆகவே இந்தப் போரில் ‘அகட்சுகி’ என்று எங்கே வந்தாலும் தேதியைப் பாருங்கள். 1904 மே 17-க்கு முன் என்றால் யாரோ கட்டியது, பின் என்றால் ரஷ்யக் கப்பல்.

#14 – வலம்புரி

சுஷிமாவில் சசனாமி மூன்றாம் அணி, ஷினோனோமே, உசுகுமோ, கசுமியோடு. ககேரோ ஐந்தாம் அணி. இரண்டும் ஒரே அணி என்று பல குறிப்புகளில் இருக்கிறது, தவறு. 27-ம் தேதி இரவுத் தாக்குதலில் தத்தம் அணியிலிருந்து பிரிந்து, கொரியாவின் உல்சானில் சேர்ந்து, காலையில் ஜோடியாகக் கிளம்பினார்கள். சசனாமியின் தளபதி அய்பா ட்சுனெசோ.

எதிர்த் தரப்பில் நடந்த மாறாட்டம் பெரியது. ரொஷெஸ்த்வென்ஸ்கி தலையில் காயத்தோடு கொடிக்கப்பல் சுவோரோவிலிருந்து 27-ம் தேதி மாலை பூய்னி என்ற நாசகாரிக்கு மாற்றப்பட்டார். பூய்னி அடிபட்டுத் திணறியதால் மறுநாள் காலை பெதோவிக்கு மாற்றினார்கள். பூய்னியைப் பிறகு ரஷ்யரின் சொந்த டிமித்ரி தொன்ஸ்கோய் குரூசரே சுட்டு மூழ்கடித்தது. பெதோவியும் க்ரோஸ்னியும் விளாடிவஸ்டாக் நோக்கிப் போயின.

பிற்பகலில் கொரியாவுக்குக் கிழக்கே உள்ள உல்லுங்டோ தீவுக்குத் தென்மேற்கே சசனாமியில் முதலில் கண்டது புகை. கண்டவர் லெப்டினன்ட் ட்சுகாமோட்டோ. கையில் இருந்தது ஜெய்ஸ் பட்டகத் தொலைநோக்கி, அவர் சொந்தமாக வாங்கியது. டோகோவிடம் இருந்ததும் ஜெய்ஸ்தான். மற்றவர்கள் கையில் இருந்த பழைய வகை மூன்று நான்கு மடங்கு பெரிதாக்கும், அதுவும் ஒடுங்கிய வட்டத்துக்குள். பட்டகம் வைத்ததில் அகலமும் கிடைக்கும், உருப்பெருக்கமும் கிடைக்கும். அடிவானத்தில் புகை மட்டும் தெரிகிறபோது அது தன் கப்பலா எதிரியா என்று பத்து நிமிடம் முந்திச் சொல்ல முடிந்தால் துரத்தல் தொடங்கும் இடமே மாறுகிறது.

#15 – கடற்குறிப்பு

பெதோவி ஏன் ஓடவில்லை? 350 டன், புதுக் கப்பல், 26 நாட். க்ரோஸ்னி ஓடித் தப்பியதே?

#16 – வலம்புரி

க்ரோஸ்னி ஓடியது, சண்டையும் போட்டது. ககேரோ அதைத் துரத்தியது. கமாண்டர் அந்த்ரிஷியெவ்ஸ்கி காயத்தோடு விளாடிவஸ்டாக் சேர்ந்தார். மொத்தக் கடற்படையில் அங்கே போய்ச் சேர்ந்தவை அல்மாஸ், க்ரோஸ்னி, பிராவி மூன்றுதான்.

பெதோவியில் வேறு கதை. எல்லாக் கொதிகலனும் மூட்டப்படவில்லை. மூட்டலாமா என்று கேட்டபோதும் கப்பலில் இருந்த அட்மிரலின் உதவி அதிகாரிகளின் தலைவர் கொலோங், தளபதி பரானோவ் இருவரும் மசியவில்லை. குளிர்ந்த கொதிகலனில் நீராவி ஏற நேரம் வேண்டும், எதிரியைக் கண்டபின் மூட்டினால் காலம் கடந்தது. ஆக முடிவு, புகையைக் காண்பதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. வெள்ளைக்கொடியும் செஞ்சிலுவைக் கொடியும் ஏறின, கடுங்காயம் பட்டவர் இருக்கிறார் என்று சைகை. ஒரு குண்டுகூடத் திருப்பிச் சுடவில்லை.

சசனாமியிலிருந்து லெப்டினன்ட் இத்தோ சில ஆட்களோடு படகில் போய் ஏறினார். கீழே அறையில் தலைக்கட்டோடு கிடப்பவர் ரஷ்யக் கடற்படையின் தலைவர் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. ‘அட்மிரலைப் பிடிக்கப் போன சசனாமி’ என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிடிக்கும்வரை யாரைப் பிடித்தோம் என்று தெரியாது.

1906-ல் ரஷ்ய இராணுவ நீதிமன்றம் ரொஷெஸ்த்வென்ஸ்கியை விடுவித்தது, அவர் தன்மேல் பழி போட்டுக்கொண்டும். கொலோங், பரானோவ் உட்பட 4 பேருக்கு மரண தண்டனை விதித்தது, பிறகு அது குறைக்கப்பட்டது.

#17 – பனைமரக்காடு

அட்மிரலை ஏன் சசனாமிக்கு மாற்றவில்லை? வடம் அறுந்து பெதோவி தொலைந்திருந்தால் பிடித்ததே வீண் இல்லையா?

#18 – வடக்கயிறு

மாற்றினால் இறந்துவிடுவார் என்று ரஷ்யத் தரப்பில் மன்றாடினார்கள், ஜப்பானியர் ஏற்றுக்கொண்டார்கள். நடுக்கடலில் அலையில் படகுக்கு இறக்கி, மறுபடி ஏற்றி, ஏற்கெனவே இரண்டுமுறை மாற்றிய உடம்பு. சில அதிகாரிகளை மட்டும் சசனாமிக்குக் கொண்டுவந்துவிட்டு, பெதோவியில் காவல் ஆட்களை வைத்தார்கள்.

இங்கேதான் மார்ச் 10-க்கும் இதற்கும் வித்தியாசம். பெதோவி ஓட்டையில்லாத கப்பல், தண்ணீர் ஏறவில்லை. சுக்கான் வேலை செய்தது, பிடிக்க ஆள் இருந்தது. சங்கிலி விட, வடம் வாங்க, அறுந்ததும் மறுபடி பூட்ட அணியத்தில் கைகள் இருந்தன, ரஷ்யக் கைகளும் ஜப்பானியக் கைகளும். பகைக் குரூசர் எதுவும் துரத்தவில்லை. சுஷிமாவுக்குப் பிறகு அந்தக் கடலில் மிஞ்சியது ஜப்பானியக் கப்பல்கள்தாம். இரவில் கடல் கொந்தளித்து வடம் அறுந்தபோது நின்று மறுபடி கட்டினார்கள். 29-ம் தேதி அகஷி குரூசர் வந்து இழுவையை வாங்கிக்கொண்டது. 30-ம் தேதி ஜப்பானியக் கடற்படைத் துறைமுகமான சசெபோ.

தூரத்தையும் பாருங்கள். உல்லுங்டோ பக்கமிருந்து சசெபோ நேர்க்கோட்டிலேயே 200 கடல் மைலுக்கு மேல். சராசரி 7 நாட் என்றால் ஒன்றேகால் நாளுக்குக் குறையாது. 305 டன் கப்பல் 350 டன் கப்பலை, தன்னைவிடக் கனமானதை, முதல் இரவு முழுக்க இழுத்திருக்கிறது. அதே கரி இருப்பில். அகஷி வந்திருக்காவிட்டால் சசனாமிக்கே இழுவை தேவைப்பட்டிருக்கும் என்பது என் கணிப்பு.

#19 – கரிக்கொட்டு

அகஷியைக் கூப்பிட்டது கம்பியில்லாத் தந்தி. 36-ம் வகைக் கருவி, மெய்ஜி 36, அதாவது 1903. அது நாசகாரிகள்வரை வந்திருந்தது. 1904 மார்ச்சில் வடம் அறுந்த இடத்தில் கூப்பிடக் கூடிய தூரத்தில் வந்தது மக்காரோவ்தான்.

#20 – ஆமைமுதுகு

பட்டியலுக்குக் கூடப் பிறந்தவர்களையும் சேருங்கள், வகுப்பின் உடம்பு எப்படிப்பட்டது என்று புரியும். நிஜி (வானவில்) 1900 ஜூலையில் ஷான்டோங் முனையில் பாறையில் ஏறி முடிந்தது, வந்து ஓராண்டுகூட முழுதாகப் போகவில்லை. இனசுமா (மின்னல்) 1909 டிசம்பரில் ஹகோடதே பக்கம் வணிகக் கப்பலோடு மோதி இரண்டாக முறிந்தது. இகசுச்சி (இடி) 1913 அக்டோபரில் ஓமினாதோவில் கொதிகலன் வெடித்து மூழ்கியது. இந்த வகுப்பில் ஒன்றுகூட எதிரியின் கையால் சாகவில்லை. பாறை, மோதல், கொதிகலன். கொதிகலன் பற்றிக் கரிக்கொட்டு மேலேயே சொன்னார்.

#21 – கடற்குறிப்பு

மாற்றி எழுதிய வரிகள்:

– 1904 பிப்ரவரி 8–9: போர்ட் ஆர்தர் இரவுத் தாக்குதல், மூன்றாம் அணி, பங்கேற்பு.
– 1904 மார்ச் 10: மூன்றாம் அணி ஸ்தெரெகூஷியை முடக்கியது, சசனாமி ஆள் ஏற்றி, கொடி கட்டி, இழுத்தது, வடம் அறுந்தது, கப்பல் மூழ்கியது, பிழைத்தவர் 4.
– 1905 மே 28: உல்லுங்டோவுக்குத் தென்மேற்கே பெதோவி சரண்; வடம் அறுந்து மீண்டும் கட்டியது; 29 அகஷி; 30 சசெபோ.
– 1912 ஆகஸ்ட் 28: மூன்றாம் வகுப்பு நாசகாரி.

பிடித்த பெதோவிக்கு ஜப்பானியர் என்ன பெயர் வைத்தார்கள்?

#22 – மீகாமன்

சட்சுகி. ஜப்பானியப் பழைய மாதப் பெயர்களில் ஐந்தாம் மாதம். மேயில் பிடித்ததால் அந்தப் பெயர். ஜூனிலேயே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், சசனாமியின் அதே கடற்படையில். உங்கள் மார்ச் 10 வரியில் ‘முடக்கியது’ நல்ல சொல், அதை மாற்றாதீர்கள். ‘3 டார்பிடோ பட்டது’ என்பதைச் சசனாமி வரியில் சேர்க்காமல் விட்டதும் நல்லது. ரொஷெஸ்த்வென்ஸ்கியை டோகோ மருத்துவமனையில் பார்த்தது ஜூன் 3, சசெபோவில். வேண்டுமானால் அடிக்குறிப்பில் போடுங்கள், அது சசனாமி கதை இல்லை.